வங்கக் கடலின் மேனிச் சூடு

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் தாய் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். மருத்துவர் நாவின் கீழே வெப்பமானியை வைக்கிறார். இரண்டு முறையிலும் தொட்டால்தான் சூடு தெரியும். ஆனால் 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவியபோது கடை வாயில்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் காவலர்கள் கைத்துப்பாக்கி போன்ற கருவி ஒன்றை நம் நெற்றிக்கு நேரே நீட்டித் தொடாமலே சூட்டைச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கருவியை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தி, நெற்றிக்குப் பதிலாக வங்கக் கடலை அதன் முன்னே விரித்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். செயற்கைக் கோள் கடலின் வெப்பநிலையை அளக்கும் முறை அடிப்படையில் அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஆயினும் அந்த நெற்றிக் கருவியிடம் ஒரு குறை இருந்ததை நாம் எல்லோரும் கண்டோம். வெயிலில் நடந்து வந்தவனுக்குக் காய்ச்சல் என்றது. வியர்வை வழிய நின்றவனுக்குச் சூடே இல்லை என்றது. அது தோலை மட்டுமே பார்க்கும். உள்ளே இருப்பதை அறியாது. வானில் இருக்கும் கருவிக்கும் இதே குணம் உண்டு. வேறு கடல்களில் இது சிறு குறை. நம் வங்கக் கடலில் இது பெரிய செய்தி. நம்மில் பலர் இக்கடலின் மேற்குக் கரையில் பிறந்து, அதன் வடகோடியில் படிக்க வந்திருப்பவர்கள். ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்லத் துணிகிறேன்.

கடலின் சூட்டை அளக்கும் வழக்கம் புதிதன்று. பாய்க்கப்பல் காலத்திலேயே மாலுமிகள் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, நீரை முகந்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்துக் குறித்து வந்தார்கள். வாளி கித்தானால் ஆனதாக இருந்தால் அதன் ஈரம் காற்றில் உலர, உள்ளிருக்கும் நீர் சற்றே குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான் அல்லவா! பிறகு இயந்திரக் கப்பல்கள் வந்தன. இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரை அளந்தார்கள். அங்கோ இயந்திர அறையின் வெக்கை சேர்ந்துகொண்டது. ஒன்று குறைத்துச் சொல்லும், மற்றது கூட்டிச் சொல்லும். பழைய கப்பற் பதிவேடுகளைத் திருத்திப் படிப்பதே இன்று ஒரு தனித் துறையாகிவிட்டது. இவற்றையெல்லாம் விடப் பெருங்குறை, கப்பல்கள் தம் வழியில் மட்டுமே செல்லும் என்பது. புயல் வருகிறது என்றால் விலகி ஓடும். எங்கே அளவு மிகவும் வேண்டுமோ அங்கே அளக்க ஆள் இல்லை.

புயல் ஆராய்ச்சிக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள உறவு பழையது. 'சைக்ளோன்' என்ற சொல்லையே ஆக்கித் தந்தவர் அன்றைய கல்கத்தாவில் கடல்வழக்கு மன்றத்துக்குத் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்த அவர், பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயரை அமைத்து, 1848இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இந்நகரைத் தாக்கிய பெரும்புயலும், அதன்பின் பருவமழை பொய்த்து வந்த பஞ்சமும் 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றக் காரணமாயின. அதன் முதல் தலைமையகமும் இங்கேதான் இருந்தது. இத்தனை இருந்தும், நடுக்கடலின் சூடு நாள்தோறும் எப்படி மாறுகிறது என்பதை அறிய, மனிதன் வானத்தில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, தொடாமல் சூட்டை அறிவது எப்படி? சூடுள்ள எந்தப் பொருளும் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் செந்நிறமாகவும், மேலும் காய்ந்தால் மஞ்சளாகவும் வெண்மையாகவும் ஒளிர்கிறது. சூடு ஏற ஏறக் கதிரின் அலைநீளம் குறைகிறது. சூடு குறையக் குறைய அலைநீளம் கூடுகிறது. இதை வீன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி விதியாக வகுத்தார். அவ்விதிப்படி, 27 அல்லது 30 டிகிரி சூடுள்ள கடல்நீர் வீசும் கதிரின் உச்சம் 10 மைக்ரானுக்கு அருகில் அமைகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு இது இருள். அகச்சிவப்புக் கருவிக்கோ பட்டப்பகல். நம் நல்லூழாக, 10 முதல் 12 மைக்ரான் வரையுள்ள கதிர்களுக்குக் காற்றுமண்டலம் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது.

சன்னல் திறந்திருந்தாலும் திரை ஒன்று தொங்குகிறது. அதுதான் நீராவி. ஜூன் மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் கொல்கத்தாவாசிகளுக்கு இத்திரையின் கனத்தைச் சொல்லவா வேண்டும்! கடல் வீசும் கதிரில் ஒரு பங்கை இந்நீராவி விழுங்கிவிட்டு, தான் இருக்கும் குளிர்ந்த உயரத்துக்குரிய மெலிந்த கதிரை மாற்றாக அனுப்புகிறது. அதனால் மேலிருந்து பார்க்கும்போது கடல் உண்மையைவிடச் சில டிகிரி குளிர்ந்து தோன்றும். இதற்குக் கண்ட மாற்று மிக அழகானது. 11 மைக்ரானில் ஒரு முறையும் 12 மைக்ரானில் ஒரு முறையும் அளக்கிறார்கள். நீராவி பின்னதை அதிகமாக விழுங்கும். ஆகவே திரை கனமானால் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடும் கூடும். அந்த வேறுபாட்டைக்கொண்டே திரையின் கனத்தைக் கணித்து, விழுங்கப்பட்டதைத் திருப்பிச் சேர்க்கலாம். திரையின் கனத்தைத் திரையிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது போன்ற தந்திரம் இது! 1981இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் நோவா-7 கோளிலிருந்து இம்முறை வழக்கத்துக்கு வந்தது. உலகக் கடல்களின் தொடர்ச்சியான வெப்பப் பதிவும் அவ்வாண்டிலிருந்தே தொடங்குகிறது. நம் நாட்டின் கல்பனா-1 கோளில் இப்பகுதிக்கு ஒரே ஒரு கண்தான் இருந்தது. 2013 ஜூலை 26ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட்-3டி இரண்டு கண்களோடு சென்றது.

இவ்வாறு திரட்டிய படங்களை மாதவாரியாக அடுக்கினால் வங்கக் கடலின் ஆண்டு வாழ்க்கை கண்முன் விரியும். ஜனவரி, பிப்ரவரியில் வடகோடி 24, 25 டிகிரிக்கு இறங்கிக் குளிர்ந்திருக்கும். தெற்கே போகப் போக 28ஐத் தொடும். மார்ச்சிலிருந்து வெயில் ஏறும், காற்று ஓயும். ஏப்ரல், மே மாதங்களில் கடல் முழுவதும் 30ஐ ஒட்டிக் கொதித்துக் கிடக்கும். பிறகு தென்மேற்குப் பருவக்காற்று வந்து சற்றுத் தணிக்கும். அக்டோபரில் சிறிதாக இன்னொரு ஏற்றம். பின்பு மீண்டும் குளிர். ஆக, ஆண்டில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இந்த இரண்டு ஏற்றங்களை ஒட்டியே புயற்காலங்களும் இரண்டாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அரபிக் கடலின் கதை வேறு. அங்கே பருவக்காற்றின் வேகத்தால் சோமாலியா, ஓமன் கரைகளில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, கோடையில் காய்ந்த கடலை ஜூலைக்குள் வெகுவாகக் குளிர்வித்துவிடுகிறது. குமரிமுனைக்குத் தெற்கேயும் அம்மாதங்களில் குளிர்நீர்த் திட்டு ஒன்று படத்தில் தெளிவாகத் தெரியும். வங்கக் கடலோ பருவமழைக் காலம் முழுவதும் பெரும்பாலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. இந்த 28 என்ற எண்ணுக்கு ஒரு சிறப்பு உண்டு. கடல் இந்த அளவைத் தாண்டினால்தான் அதன்மேல் வானளாவிய மழைமேகக் கூட்டங்கள் செழித்து எழும் என்பதைச் செயற்கைக் கோள் படங்களைக்கொண்டு சுலோசனா காட்கில், பி. வி. ஜோசப், என். வி. ஜோஷி ஆகியோர் 1984இல் எடுத்துக்காட்டினர். மழை பொழிந்தும், காற்று அடித்தும், மேகம் மறைத்தும் இக்கடல் எப்படிச் சூடாகவே இருக்கிறது? விடை தோலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு வருமுன் மேகத்தைப் பற்றி ஒரு சொல்.

மேகம் வந்தால் அகச்சிவப்புச் சன்னல் அடியோடு மூடிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடல் வாரக்கணக்கில் மேகத்தின் கீழ்க் கிடக்கிறது. அக்காலத்து வரைபடங்களில் கிடைத்த ஓரிரு அளவுகளைக்கொண்டு இடைவெளியை நிரப்பினார்கள். கடல் பருவமழை முழுவதும் அசையாமல் ஒரே சூட்டில் இருப்பதுபோல் படம் வந்தது. எல்லோரும் நம்பினர். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடுக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் வேறு கதை சொல்லின. மழை தொடர்ந்து பெய்தால் கடல் ஒரு டிகிரிக்கு மேலும் குளிர்கிறது, மழை இடைவெளி விட்டால் மீண்டும் காய்கிறது, சில வாரங்களுக்கு ஒரு முறை இந்த ஏற்றத்தாழ்வு திரும்பத் திரும்ப நிகழ்கிறது! 1999 ஜூலை, ஆகஸ்டில் 'சாகர் கன்யா', 'சாகர்த்வனி' என்ற இரு கப்பல்கள் வங்கக் கடலிலேயே தங்கி ஆராய்ந்தபோதும் இக்கடலின் மேற்பரப்பு அமைதியானதன்று என்பது உறுதிப்பட்டது.

வானிலிருந்தும் இதைக் காணும் வழி அப்போதுதான் பிறந்திருந்தது. மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலையில் பார்ப்பதே அவ்வழி. சில சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த அலைக்கு மேகத்தின் நுண்துளிகள் ஒரு பொருட்டே அல்ல. யானை நடக்கும் வழியில் எறும்புக் கூட்டம் போல. கடல் இந்த அலைநீளத்திலும் மிக மெலிதாகக் கதிர் வீசுகிறது. 1997 நவம்பரில் ஏவப்பட்ட, அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அமைத்த வெப்பமண்டல மழை அளவைக் கோள் அதைப் படித்தது. நம் நாடு 1979இல் ரஷ்யாவிலிருந்து ஏவிய பாஸ்கரா-1இலேயே நுண்ணலைக் கருவி ஒன்று இருந்தது. அது பெரிதும் கடல்மேலுள்ள நீராவியையும் மழைநீரையும் அறிவதற்கானது. 1999 மே 26ஆம் நாள் ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 கோளின் 6.6 ஜிகாஹெர்ட்ஸ் கருவி கடலின் சூட்டையே குறிவைத்தது. நுண்ணலைக்கும் குறை உண்டு. அலை நீளமானதால் படம் மங்கல். ஒரு புள்ளியே ஐம்பது கிலோமீட்டர் அகலம். கரைக்கு அருகில் நிலத்தின் கதிர் கலந்துவிடுவதால் அங்கே பயனில்லை. கனமழையிலும் பயனில்லை. இன்று அகச்சிவப்பையும் நுண்ணலையையும் மிதவைகளையும் கலந்தே நாள்தோறும் வரைபடம் தயாரிக்கிறார்கள்.

இனித் தோலுக்கு வருவோம். அகச்சிவப்புக் கருவி காண்பது கடலின் மேற்புறத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை. தலைமயிரின் தடிப்புக்கூட அதைவிட அதிகம்! நுண்ணலை காண்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். காற்று படுவதால் அந்தத் தோல் அடியிலுள்ள நீரைவிட வழக்கமாக 0.2 டிகிரி அளவு குளிர்ந்திருக்கும். காற்றில்லாத ஏப்ரல் நண்பகலிலோ மேல்மட்டம் ஒரு டிகிரிக்கு மேலும் காய்ந்து, இரவில் ஆறிவிடும். இவற்றுக்கெல்லாம் கணக்கு உண்டு, திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது வேறு ஒன்று.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கன மீட்டர் நன்னீரை இக்கடலில் கொட்டுகின்றன. ஐராவதி வேறு, கடலின்மேலே நேராகப் பெய்யும் மழை வேறு. பொதுவாகக் கடல்நீர் ஒரு கிலோவில் 35 கிராம் உப்பு இருக்கும். மழைக்காலம் முடியும்போது வடக்கு வங்கக் கடலின் மேல்நீரில் அது 30க்கும் கீழே போய்விடுகிறது. உப்புக் கரைசலில் முட்டை மிதப்பதும் நல்ல தண்ணீரில் மூழ்குவதும் நாம் பள்ளியில் செய்து பார்த்ததே. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே ஆற்றுநீர் கலந்த மெல்லிய படலம் மூடி போட்டதுபோல் மேலேயே மிதக்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் கீழேயுள்ள கனத்த நீர் எளிதில் மேலே வராது. மேல்மூடிக்குள் விழும் வெயிலின் சூடும் ஆழத்தில் பரவிவிடாமல் அந்த மெல்லிய படலத்துக்குள்ளேயே தங்குகிறது. அரபிக் கடல் குளிரும்போது வங்கக் கடல் குளிராமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஷெனாய், சங்கர், ஷெட்யே மூவரும் 2002இல் இரு கடல்களின் வெப்ப வரவுசெலவை ஒப்பிட்டு இதை விளக்கினர்.

இந்த நன்னீர் வடக்கிலேயே நின்றுவிடுவதில்லை. பருவமழை ஓய்ந்ததும் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்ப, அது ஒடிசா, ஆந்திரக் கரைகளைத் தழுவியபடி தமிழகத்தை நோக்கி இறங்குகிறது. இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கரையோரத்துக்குச் செயற்கைக் கோளும் உதவவில்லை, கப்பலும் உதவவில்லை. ஆகவே கிழக்குக் கரையில் சில ஊர்களின் மீனவர்கள் கடலுக்குப் போகும்போது குப்பியில் நீர் முகந்து வந்து கொடுத்தார்கள். அந்தக் குப்பிகளின் உப்பை ஆண்டுக்கணக்கில் அளந்து, கடலுக்குள்ளே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஓர் ஆறு ஓடுவதையும், அது வடகோடியிலிருந்து இந்தியாவின் தென்முனையை அடைய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதையும் 2014இல் வெளியிட்டனர். புரட்டாசியில் டயமண்டு ஹார்பரைக் கடந்த தண்ணீரில் ஒரு பங்கு, கார்த்திகையில் நாகப்பட்டினத்து மீனவரின் படகுக்கு அடியில் ஓடுகிறது. நாம் ரயிலில் இரண்டு இரவுகளில் போகும் தொலைவு அது!

குளிர்காலத்தில் இந்த மூடி ஒரு விந்தை செய்கிறது. வடகாற்று மூடியை மட்டும் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க வேண்டும் அல்லவா? ஆனால் உப்புக் குறைவால் அது இன்னும் இலேசாகவே இருக்கிறது, இறங்குவதில்லை. அடியிலுள்ள உப்புநீரோ முன்பு பெற்ற சூட்டைப் பொதிந்து வைத்திருக்கிறது. மேலே குளிர், கீழே சூடு! கிண்ணத்தில் ஊற்றிய கஞ்சி மேலே ஆறிவிட்டதென்று நம்பிக் கரண்டியை ஆழ விட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். ஜனவரி மாதப் படத்தில் வடக்கே நீலநிறம் காட்டும் செயற்கைக் கோள் பொய் சொல்லவில்லை. கிண்ணத்தின் மேல்மட்டத்தைச் சொல்கிறது.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ள முடியாதபடி செய்வது புயல். புயல் கடலின் சூட்டை உண்டு வளர்கிறது. அதே சமயம் தன் காற்றால் கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்து, தன் அடுப்பைத் தானே அணைத்தும் கொள்கிறது. கோடைப் புயல்கள் கடந்த வழியில் வங்கக் கடல் இரண்டு, மூன்று டிகிரி குளிர்வதை நுண்ணலைப் படங்கள் காட்டுகின்றன. ஆனால் மழைக்காலத்துக்குப் பின் வடக்கு வங்கக் கடலில் வரும் புயலால் அத்தகைய குளிர்ச்சி ஏற்படுவதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாசிஸ் சென்குப்தாவும் உடன் ஆய்ந்தோரும் 2008இல் காட்டினர். நன்னீர் மூடி குளிர்நீரை மேலே விடுவதில்லை. கலக்கினாலும் அடியில் சூடுதான் இருக்கிறது. அடுப்பு அணைவதில்லை. மேற்பரப்பில் ஒரே 28 டிகிரியைக் காட்டும் இரண்டு இடங்கள் ஒரு புயலுக்கு இரண்டு வெவ்வேறு விருந்துகளாகின்றன.

2020 மே மாதத்தில் ஆம்பன் வந்தது. அப்போது கடல் 30, 31 டிகிரியில் கிடந்தது. மே 16 மாலை புயலாகப் பெயர் பெற்றது, 18ஆம் நாளுக்குள் அதிதீவிரப் படிகளை எல்லாம் தாண்டிப் பெரும் சூறாவளியாயிற்று. 1999 ஒடிசாப் புயலுக்குப் பின் இக்கடலில் அந்நிலையை எட்டியது அதுவே. 20ஆம் நாள் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையேறி, இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. புயல் எத்திசையில் வரும் என்பதை இன்று பல நாள் முன்னதாகவே நன்றாகச் சொல்கிறார்கள். எவ்வளவு வலுவோடு வரும் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். அதற்கு மேனிச் சூடு மட்டும் போதாது. 26 டிகிரி நீர் எவ்வளவு ஆழம்வரை இருக்கிறது, உப்பு எவ்வளவு என்பவை வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்தபடி எழுந்து வரும் ஆர்கோ மிதவைகள் இதற்கு உதவுகின்றன. மேற்பரப்பின் உவர்ப்பைக்கூட 2009 முதல் சில கோள்கள் 1.4 ஜிகாஹெர்ட்ஸில் அளந்து வருகின்றன. ஆனால் ஆழத்துக்குள் எட்டிப் பார்க்கும் கண் எந்தக் கோளுக்கும் இல்லை.

மீனவர்களுக்கு இந்த மேனிச் சூடே போதுமான பயன் தருவதும் உண்டு. குளிர்நீரும் சுடுநீரும் சந்திக்கும் எல்லையில் இரை திரளும், மீன் கூடும். அந்த எல்லைகளைச் செயற்கைக் கோள் படத்தில் கண்டு, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தமிழ் உட்படக் கடலோர மொழிகளில் மீன்வள இடங்களை அறிவிக்கிறது. மேகம் மூடினால் அந்த அறிவிப்புக்கும் தடை. 2022 நவம்பர் 26ஆம் நாள் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 கோளில் நீரின் நிறம் பார்க்கும் கருவியோடு சூடு பார்க்கும் கருவியையும் சேர்த்தே வைத்ததற்கு இத்தேவையும் ஒரு காரணம்.

கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. நங்கூரமிட்ட மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். ஆகையால் படகுகளும் கூடும். மிதவையில் கயிற்றைக் கட்டுவதும், கருவிகள் சேதமாவதும், சில வேளைகளில் மிதவையே அறுந்து போவதும் நடக்கின்றன. ஊருக்குப் போகும்போது, மஞ்சள் மிதவை எதற்காக அங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். அது அறுந்து போனால், மேகம் மூடிய ஜூலை மாதத்தில் அந்த இடத்துக்கு எஞ்சுவது ஐம்பது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மங்கற் புள்ளியே. அதுவும் கடலின் மேல் ஒரு மில்லிமீட்டரைப் பற்றியது.